மிஷின் விழுங்கிய பணமும், வங்கி மறந்த 100 ரூபாயும்!

மிஷின் கடகடவென்று எண்ணும். சத்தம் நன்றாகக் கேட்கும். ஆனால் பணம் வராது!

அடுத்த நிமிடம் செல்போனில் செய்தி வரும். "உங்கள் கணக்கில் ரூ.2 ஆயிரம் எடுக்கப்பட்டது!"

விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளிக்கும் சரி, பீடி சுற்றும் அக்காவுக்கும் சரி, இது விளையாட்டு அல்ல. அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் எடுத்து வைத்த பணம் அது.

ஒரு காலத்தில் கூலி கைக்கு வந்தது. 2016 நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, நெல்லை வட்டாரத்தில் பீடிக்கூலியும் பலருக்கு வங்கிக் கணக்குக்குப் போய் விட்டது. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் கணக்கில்தான் ஏறுகிறது. அதனால் மிஷின் மக்கர் செய்தால், அன்று பல வீட்டில் அடுப்பு திண்டாடும்.

வங்கிக்குப் போனால் என்ன பதில்?

"அஞ்சு நாள்ல தானா ஏறிரும், போங்க அண்ணாச்சி!"

இது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

ஆறாம் நாள் முதல் அபராதம்

2019 செப்டம்பர் 20-ந் தேதி ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. பணம் வராமல் கணக்கில் குறைந்தால், அன்றில் இருந்து 5 நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். ஞாயிறு, பண்டிகை என்று சாக்கு சொல்ல முடியாது. தாண்டினால், ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

சிக்கியது 500 ரூபாயா, 10 ஆயிரமா என்ற பேச்சு இல்லை. நாளுக்கு 100 ரூபாய்தான். அதுவும் யாரும் கேட்காமலே வங்கி தானாகப் போட வேண்டும் என்பதே உத்தரவு.

"அது வேற பேங்க் மிஷின்" என்று தட்டிக் கழிப்பார்கள். அது வங்கிகள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு. கார்டு கொடுத்த வங்கியிடம்தான் வாடிக்கையாளர் புகார் கொடுக்க வேண்டும்.

சாட்சி எல்லாம் வங்கியிடமே இருக்கிறது. எத்தனை நோட்டு வெளியே போனது என்று மிஷினே பதிவு செய்கிறது. பெட்டியைத் திறந்து எண்ணினால் மிச்சப் பணம் காட்டிக் கொடுத்து விடும். மேலே கேமரா வேறு! வாடிக்கையாளரிடம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு மட்டும். பிறகு அவரை ஏன் அலைய விட வேண்டும்?

என்ன செய்ய வேண்டும்?

பணம் வரவில்லை என்றால், பதறிப் போய் உடனே மறுபடியும் கார்டைச் செருகாதீர்கள். முதலில் கணக்கில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். "நான் எடுத்துத் தாரேன்" என்று வரும் முகம் தெரியாத ஆளிடம் கார்டைக் கொடுக்காதீர்கள்.

சீட்டு வந்தால் பத்திரம். இடம், நேரம், மிஷின் எண் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். வாயால் சொல்லி விட்டு வராமல், எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள்.

30 நாளில் முடிவு தெரியவில்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசு செலவில்லை. 14448 எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்னொன்று. மிஷின் கோளாறால் பணம் வராத தடவையை, இலவசத் தடவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குக் கட்டணமும் பிடிக்கக் கூடாது.

100 ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் ஏறி, வங்கி வாசலில் நிற்கிறவரைக் கேட்டால் தெரியும்! அது பிச்சை அல்ல, பாக்கி.

ஏ.டி.எம். அறைக்குள் "கேமரா உங்களைக் கண்காணிக்கிறது" என்று எழுதி வைக்கிறார்கள். பக்கத்திலேயே, "பணம் வராமல் 5 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் தருவோம்" என்று நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் ஒரு போர்டு மாட்டினால் என்ன?