நிலப்படம் யார் கையில்?

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போய்விட்டது. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைந்த கரிசல் புஞ்சையில் ஜே.சி.பி. இறங்குகிறது. சரள் பரப்பி, கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி, "நகர்" என்று ஒரு பெயரையும் எழுதி வளைவு வைத்துவிடுகிறார்கள். நிலத்தை விற்ற சம்சாரிக்குக் கிடைப்பது ஏக்கர் விலை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் தொழிலாளி மாதத் தவணையில் கட்டுவது சென்ட் விலை. இடையிலே இருக்கும் பெருந்தொகை யார் மடியில் விழுகிறது என்று நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

எந்தப் புஞ்சைக்கு எப்போது விலை ஏறும் என்று மனை வியாபாரிக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? ஜோசியம் அல்ல, நிலப்படம்தான். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சில்லாநத்தத்தில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கார்த் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரியில் கல் நாட்டினார்கள்; 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். இப்படி ஒரு செய்தி வந்த அன்றே கம்ப்யூட்டரில் படத்தை விரித்துவைத்து, சாலை எங்கே, சந்திப்பு எங்கே, பட்டா யார் பெயரில் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் கடன்பட்டுக் கிடக்கும் சம்சாரிக்கோ புரோக்கர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும்போதுதான் விஷயம் தெரிகிறது.

இது நம் சீமையின் கதை மட்டுமல்ல. கர்நாடக சர்க்கார் 2000-ம் ஆண்டு வாக்கில் "பூமி" என்ற திட்டத்தில் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. கிராமக் கணக்கரின் கொட்டம் அடங்கும், லஞ்சம் ஒழியும் என்று உலகமே புகழ்ந்தது. ஆனால் சாலமன் பெஞ்சமினும் உடனிருந்தவர்களும் பெங்களூர்ப் பக்கத்தை ஆராய்ந்து 2007-ல் எழுதியது வேறு. லஞ்சம் கூடிற்று, பெரும் நில வியாபாரிகளுக்கு நிலத்தைத் தேடிப் பிடிப்பது சுலபமாயிற்று என்றார்கள். ஆவணம் எல்லோருக்கும் திறந்திருக்கலாம். அதைப் படிக்க ஆளும் பணமும் உள்ளவனே முந்திக்கொள்கிறான்.

அதற்காக நிலப்படத்தையே வெறுத்து ஒதுக்குவது மடமை. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்த நாளிலிருந்து இந்த நாட்டில் நில அளவை ஆளுகிறவர்களின் ஆயுதமாகவே இருந்துவந்தது. இன்றுதான் முதன்முறையாக அதில் ஒரு பங்கு சாதாரண ஜனங்களின் கையிலுள்ள போனுக்கு வந்திருக்கிறது. 2015-லிருந்து ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். ஏறக்குறைய 5 நாளைக்கு ஒரு படம். அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். கூகிள் எர்த்தில் வருஷவாரியாகப் பின்னோக்கிப் பார்க்கலாம். நம் இஸ்ரோவின் "புவன்" 2009-லிருந்து இருக்கிறது. 2016 முதல் 2023 வரை கட்டடங்கள் எங்கெங்கே முளைத்தன என்ற கணக்கையும் கூகிள் வெளியிட்டிருக்கிறது.

ஆனால் வானத்துப் படம் மட்டும் போதாது. தமிழக அரசின் வலைத்தளத்தில் கிராமம், புல எண் கொடுத்தால் புலப்படமும் அ-பதிவேடும் கிடைக்கும். ஓடை எங்கே ஓடுகிறது, வண்டிப்பாதை எது, எது புறம்போக்கு என்பது அவற்றில் இருக்கிறது. பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். இவற்றைப் பழைய படத்துடனும் புதிய படத்துடனும் ஒட்டிப் பார்த்தால், மேவப்பட்ட ஓடை தானே காட்டிக்கொடுக்கும். கரிசல் சீமையில் ஓடை என்பது வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் காணும் பள்ளம்தான். அதனால்தான் அதை மூடுவது இத்தனை லேசாக இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் பெய்து இந்த ஜில்லாவே மிதந்தபோது, தண்ணீர் தன் பழைய வழியைக் கேட்டு வந்ததை நாம் கண்டோம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். போனில் தெரியும் கோடு எல்லைக்கல் ஆகாது; கோர்ட்டில் நிற்பது சர்வேயர் அளந்த அளவு. சர்க்கார் படம் என்பதற்காக அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், அதிகாரிகள் பின்னால் நீட்டிய இன்னொரு வரைபடத்தில் காணவில்லை! மீனவர்களும் உடன் நின்றவர்களும் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பழைய படத்தைக் கேட்டு வாங்கித்தான் அம்பலப்படுத்தினார்கள்.

மனை வாங்கியவர்களின் நிலையோ இன்னும் பரிதாபம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. மறு வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனையை விற்றவன் லாபத்தோடு ஒதுங்கிக்கொள்ள, வாங்கியவன் கட்டணம் கட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். பிரித்து விற்றவனிடமே அந்தக் கட்டணத்தை வசூலிக்க ஏன் மனம் வரவில்லை?

மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் அதன் எல்லையைப் புலப்படத்தின்மேல் வரைந்து, ஓடையும் பாதையும் தெரியும்படி ஊராட்சி ஆபீஸில் ஒட்டவேண்டும். வலைத்தளத்திலும் ஏற்றவேண்டும். சிறப்புத் திட்டங்களுக்காக நிலங்களை ஒருங்கிணைக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் விவாதமின்றி நிறைவேறியது. நீர்நிலை அடங்கிய நிலத்தையும் பெருந்திட்டங்களுக்குத் தர அது வழி செய்கிறது. அப்படிப்பட்ட திட்டங்களின் படமும் முன்கூட்டியே ஊரார் பார்வைக்கு வரவேண்டும். இந்த ஜில்லாவின் ஊராட்சித் தலைவர்களது பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. நாற்காலியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபைக்கு நாள் குறித்திருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விவசாயிகள் சங்கத்துத் தோழர்கள் தங்கள் ஊர் ஓடைகளின் புல எண்களை இப்போதே எழுதிவைத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் அச்செடுத்துக்கொண்டு அங்கே போகட்டும்.