ஏலியன்னா எனக்கு அலர்ஜி!

சனிக்கிழமை ராத்திரி, ஹாஸ்டல் ரூம். யாரோ லேப்டாப்பைத் திறந்து 'ஏலியன் படம் மச்சான்' என்கிறான். உடனே தலையணையைத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குக் கிளம்புற ஆளா நீங்க? கை கொடுங்க, நானும் அதே கட்சிதான். பறக்கும் தட்டு, லேசர் துப்பாக்கி, கடைசியில் உலகத்தையே காப்பாத்துற ஒரு அமெரிக்க ஹீரோ... பாதியிலேயே குறட்டை விட்டுருவேன்.

'அரைவல்' படத்துக்கும் தலையணையோடதான் உட்கார்ந்தேன். தூங்கலை!

டெட் சியாங் 1998-ல் எழுதிய நெடுங்கதையை, டெனிஸ் வில்னெவ் 2016-ல் படமா எடுத்தார். உலகத்துல 12 இடங்கள்ல 12 விண்கலங்கள் வந்து நிக்குது. சுடலை, இடிக்கலை, சும்மா நிக்குது. ஏன் வந்தாங்கன்னு கேட்கணுமே? ராணுவம் கூப்பிடுறது ஒரு மொழியியல் பேராசிரியையை. பேரு லூயிஸ். நடிச்சது ஏமி ஆடம்ஸ்.

'பூமிக்கு எதுக்கு வந்தீங்க?' இதை மட்டும் கேட்டுட்டு வாங்கன்னு கர்னல் அவசரப்படுத்துறார். லூயிஸ் அதை போர்டுல எழுதி, கிளாஸ் எடுக்கிற மாதிரி பிரிச்சுக் காட்டுறாங்க. முதல்ல, 'கேள்வி'ன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியணும். அடுத்து, இந்த 'யூ' யாரு? எதிரே நிக்கிற ஒருத்தரா, வந்த கூட்டம் மொத்தமுமா? (நம்மகிட்ட நீ, நீங்கன்னு ரெண்டு இருக்கு. ஆனா மரியாதைக்காக ஒருத்தரையும் 'நீங்க'ன்னுதான் சொல்றோம். ஏலியன் பாடு இங்கேயும் திண்டாட்டம்தான்!) நான் தலையணையைக் கீழே வெச்சது இந்த சீன்லதான். பயத்துல மூச்சு வாங்கிக்கிட்டே தன் வேலையைப் பொறுமையா பார்க்கிற ஒரு டீச்சர். அவ்வளவுதான் படம்!

வந்தவங்களுக்கு ஏழு கால். மை மாதிரி எதையோ பீய்ச்சி வட்டம் வட்டமா எழுதுறாங்க. ஒரு வட்டம் ஒரு முழு வாக்கியம். அதுக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. ரெண்டு பேருக்கும் பழைய காமெடி ஜோடி அபாட், காஸ்டெல்லோ பேரை வைக்கிறாங்க. நம்ம ஊரா இருந்தா கவுண்டமணி, செந்தில்! அவங்க சொன்ன ஒரு வார்த்தை 'ஆயுதமா', 'கருவியா'ங்கிற குழப்பத்துல உலகமே சண்டைக்குக் கிளம்புது. அந்த நியூஸ் சேனல் காட்சிகள் கொஞ்சம் இழுவை, ஒத்துக்கறேன்.

ஆனா நம்மளைப் போட்டு அறையுறது லூயிஸோட பொண்ணு கதை. ஹன்னான்னு பேரு. இங்கிலீஷ்ல எழுதினா நம்ம 'விகடகவி' மாதிரி, ரெண்டு பக்கமிருந்தும் ஒண்ணுதான். மூலக்கதையில் அம்மா அந்தப் பொண்ணுகிட்டதான் பேசுறாங்க, நிறைய இடத்துல எதிர்காலத்துல: நீ இப்படிச் செய்வே, நீ இதைக் கேட்பே... ஏன்னு சொன்னா படம் போச்சு. ஒண்ணு மட்டும் கேட்கிறேன். இந்த சந்தோஷத்துக்குப் பின்னாடி இன்ன வலி வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, அந்த சந்தோஷமே வேணாம்பீங்களா? படம் முடிஞ்சதும் எங்க ரூம் ரெண்டாப் பிரிஞ்சது. 'அந்தம்மா பண்ணினது சுயநலம்'னு ஒருத்தன் விடியற வரைக்கும் விடலை. எனக்கு அப்படித் தோணலை. ஆனா அவனுக்குச் சொல்ல பதிலும் இல்லை.

எட்டு ஆஸ்கர் பரிந்துரை, ஒலித்தொகுப்புக்கு ஒரு விருது. அந்த எட்டுல ஏமி ஆடம்ஸ் பேரே இல்லை. அநியாயம் பாஸ்!

பார்த்து முடிச்சதும் முதல் அஞ்சு நிமிஷத்தை மட்டும் திரும்ப ஓட விடுங்க. நாங்களும் ஓட விட்டோம். ரொம்ப நேரம் யாரும் எழுந்து லைட் போடலை.