மேட்டு வீட்டுக்கு வெள்ளக் காப்புறுதி தேவையா?

தார்ப் பாலைவனத்தைச் சேர்ந்த பார்மேர் மாவட்டத்தில், 2006 ஆகஸ்டு மாதம் சில நாள்கள் பெய்த பெருமழையில் கவாஸ் என்னும் சிற்றூர் மூழ்கியது. மணலுக்கு அடியில் இருந்த ஜிப்சம் படலம் நீரைக் கீழே இறங்கவிடாமல் தடுத்ததால், அந்த வெள்ளம் மாதக்கணக்கில் வடியாமல் நின்றது. பாலை நிலத்தில் வீடு வைத்திருப்பவர் வெள்ளக் காப்புறுதி எடுக்கலாமா என்று தயங்குவதும், கோலாலம்பூரின் செந்தூலில் “எங்கள் தாமானில் ஒருநாளும் தண்ணீர் ஏறியதில்லை” என்று சொல்லும் குடும்பம் தயங்குவதும் ஒரே கணக்கைச் சார்ந்தவை.

பத்து ஆறும் கோம்பாக் ஆறும் செந்தூலை ஒட்டி ஓடுகின்றன. 1971 சனவரியில் கோலாலம்பூர் மூழ்கிய பிறகு பத்து அணையும், பின்னர் வெள்ளநீரைத் தேக்கும் குளங்களும், 2007இல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கமும் வந்தன. இவை ஆறு கரைபுரள்வதைக் குறைக்கின்றனவே தவிர, அடைபட்ட வடிகாலால் ஒரு மணி நேர மழையில் எழும் திடீர் வெள்ளத்தைத் தடுப்பவை அல்ல.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியபோது, அது நூறாண்டுக்கு ஒருமுறை நிகழ்வது என்று அதிகாரிகள் கூறினர். ஒரு முறை வந்துவிட்டால் இன்னும் 99 ஆண்டுகள் நிம்மதி என்று பலர் இதைப் புரிந்துகொள்கின்றனர். எந்த ஓர் ஆண்டிலும் அது நிகழும் வாய்ப்பு 1 விழுக்காடு என்பதே இதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையேனும் நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு ஆகிறது. 2021 டிசம்பர் பருவ வெள்ளங்களில் நாடு முழுவதும் குடியிருப்புகளுக்கு மட்டும் ஏற்பட்ட இழப்பு 160 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. முழங்காலளவு தண்ணீர் போதும்: குளிர்பதனப்பெட்டியின் கம்ப்ரெசரும் சலவை இயந்திரத்தின் மோட்டாரும் அடிப்பகுதியில்தான் இருக்கின்றன, அழுத்தப் பலகையில் செய்த சமையலறை அலமாரி ஊறிப் பருத்தால் மீண்டும் பழைய வடிவத்துக்கு வருவதில்லை.

ஆயினும், பலருக்குத் தம்மிடம் ஏற்கெனவே என்ன காப்புறுதி இருக்கிறது என்பதே தெரிவதில்லை. வீட்டுக்கடனோடு வரும் எம்ஆர்டிஏ, கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ கடனை அடைப்பதே அன்றி, வீட்டின் சுவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வங்கி வற்புறுத்தும் அடிப்படைத் தீக்காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. கட்டடத்துக்கான ஹவுஸ்ஓனர் காப்புறுதியிலும் பொருள்களுக்கான ஹவுஸ்ஹோல்டர் காப்புறுதியிலும் அது பொதுவாக அடங்கும். தீக்காப்புறுதிக் கட்டண அட்டவணைப்படி வெள்ளத்தைச் சேர்ப்பதற்கான விகிதம் 0.086 விழுக்காடு, அதாவது 300,000 வெள்ளி மதிப்புக்கு ஆண்டுக்கு 258 வெள்ளி. விகிதம் ஒன்றே என்பதால், மேட்டு வீட்டுக்காரர் பள்ளத்து வீட்டுக்காரரின் சுமையில் ஒரு பங்கைச் சுமக்கிறார் என்ற குறை இதில் நியாயமானதே. ஆனால் வெள்ளம் கண்ட இடங்களில் நிறுவனங்கள் கூடுதல் நிபந்தனை விதிக்கவும் மறுக்கவும் செய்யலாம் என்பதால், தண்ணீர் ஏறாத வீட்டுக்கு எளிதாகக் கிடைக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. மீண்டும் கட்ட 400,000 வெள்ளி ஆகும் வீட்டை 200,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்தவருக்கு, இழப்பிலும் பாதியே கிடைக்கும்; குறைகாப்புறுதி என்று சொல்லப்படும் இதனால்தான் மிச்சம் பிடித்த சிறு தொகை பெருநட்டமாகிறது.

அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் குடியிருப்பவர் வீட்டுப் பொருள்களுக்கு வெள்ளக் காப்புறுதி வாங்குவது வீண் செலவு என்றே சொல்லலாம். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி கட்டடத்துக்கு நிர்வாக மன்றம் எடுக்கும் காப்புறுதியில் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று ஆண்டுக் கூட்டத்தில் அவர் கேட்கலாம். உண்மையான ஆபத்து கீழ்த்தளத்தில் நிற்கும் அவருடைய காருக்குத்தான். முழுக் காப்புறுதி எடுத்த காருக்கும் வெள்ளச் சேதம் வழக்கமாக அடங்குவதில்லை என்பதால், ரோடு டேக்ஸ் புதுப்பிக்கும்போது சிறப்பு இடர்ச் சேர்க்கையைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.