மார்கழியில் இலங்கை போகிறவர்களுக்கு

ஆண்டிறுதி விடுமுறைக்கு இலங்கை போகலாமா என்று கெப்பாலா பத்தாஸ் பக்கத்துப் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால், கூட்டு எடுத்துச் சேர்த்த வெள்ளி மழையில் கரைந்துவிடக் கூடாது.

மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்று திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் மழையைக் கொட்டும். அந்தப் பக்கத்தை வேறொரு விடுமுறைக்கு வையுங்கள். கொழும்பு, காலி, கண்டி, நுவரெலியா என்று சுற்ற ஒரு வாரம் போதும். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உள்ளது. பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை அவசியம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலை ரயில் பாதையைப் பலமாகச் சேதப்படுத்தியது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறதென்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

மலைநாடு நமக்கு வெறும் காட்சியல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். நம் பாட்டன்மார் பால்மரக் காட்டுக்கு வந்ததுபோல, அங்கும் கங்காணி பின்னால் போனவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் சட்டம் குடியுரிமை தந்தது. சிவப்பு அடையாள அட்டையின் வேதனை அறிந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஆகவே, கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைக் கண்டதும் படம் பிடிக்க ஓடாதீர்கள். "அக்கா, சௌக்கியமா? பெரட்டு எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். 'பெரட்டு' அங்கும் வழங்கும் சொல். உங்கள் பிள்ளைகள் அதைக் காதால் கேட்கட்டும்.