ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! முன்கூட்டியே சொல்லுமா மின்வாரியம்?

கும்மிடிப்பூண்டி:

ஒரு யூனிட் கரண்டு 233 ரூபாய் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். அடுத்த வீட்டில் 501 யூனிட். அவர்களுக்கு 1,958 ரூபாய்!

காரணம் இதுதான். 500-க்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த இரண்டாவது 100-க்கு 4 ரூபாய் 50 காசு. சலுகையில் 225 ரூபாய் போச்சு. தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக 233. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் ஏறியபோதும் இந்தப் பள்ளம் மூடப்படவில்லை.

“கரண்டைக் குறைத்துச் செலவு பண்ணுங்க” என்று மின்வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் பெரிய எச்சரிக்கை இந்தப் பில்தான். ஆனால் அது எப்போது வருகிறது? எல்லாம் எரிந்து முடிந்த பிறகு!

ஆலைக்கு மணிக்கணக்கு, வீட்டுக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் ஏராளம். அங்கே இரும்பு மாதிரி கரண்டும் ஒரு மூலப்பொருள். 2022 கட்டண ஆணைப்படி உயரழுத்த ஆலைகள் காலை 6 முதல் 10 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் எரிக்கும் கரண்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. எந்த நேரத்தில் உலையை ஓட்டினால் லாபம் என்று கணக்குப் பார்க்க ஆலைக்காரருக்கு வழி இருக்கிறது.

அதே ஆலையில் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகும் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங். பிறகு செல்லுக்கு ஒரு எஸ்.எம்.எஸ்.: இவ்வளவு கட்டு, இந்தத் தேதிக்குள் கட்டு. அவ்வளவுதான்.

மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 சட்டசபைத் தேர்தலில் வாக்குறுதி தரப்பட்டது. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மீட்டருக்கான டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தானது.

லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். பல இடங்களில் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். உள்ளே சப்-மீட்டர். யூனிட்டுக்கு அவர் வைத்ததுதான் ரேட். எஸ்.எம்.எஸ். போவதும் அவர் செல்லுக்கே. சிக்கனம் பண்ணச் சொல்லி வாரியம் பேசவேண்டிய ஆளுக்கு, வாரியத்தின் குரல் எட்டுவதே இல்லை.

புகை நமக்குத்தான்

2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு நிலக்கரி எரிக்கும் இடங்களில் முக்கியமானது நம்ம மாவட்டம். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம், பக்கத்திலேயே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். 2024 மார்ச்சில் வடசென்னையில் மேலும் 800 மெகாவாட் திறந்தார்கள். சாம்பல் போய்ச் சேர்ந்தது கொசஸ்தலை ஆற்றில். மாநிலம் எங்கே மிச்சம் பிடித்தாலும் அதன் பலன் இங்கேயும் தெரியும்.

பேரணியா, பல்பா?

பேச்சோடு நிற்காமல் காரியத்தில் காட்டிய ஊர் புதுச்சேரி. 2014-ல் பழைய குண்டு பல்பைக் கொடுத்து 10 ரூபாய் கட்டினால் எல்.இ.டி. பல்பு கொடுத்தார்கள். 60 வாட் எரிந்த இடத்தில் 7 வாட். அடுத்த வருஷமே இது நாடு தழுவிய திட்டமாகி, 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின.

அமெரிக்காவில் வேறு வழி. அக்கம்பக்கத்து வீடுகள் எவ்வளவு எரிக்கின்றன, நீங்கள் எவ்வளவு என்று ஒப்பிட்டுக் கடிதம் அனுப்பினார்கள். சராசரியாக 2 சதவீதம் குறைந்தது. கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் ஒரு வேடிக்கை. ஊரைவிடக் கம்மியாக எரித்தவர்கள், “நாம்தான் ஏமாளியா?” என்பது போலக் கூட்டிவிட்டார்கள்! அவர்கள் நோட்டீஸில் சிரித்த முகம் ஒன்றை வரைந்து பாராட்டியதும் அது நின்றது. ஒரு நல்ல வார்த்தைக்கு அவ்வளவு பலன்.

நம்ம ஊரில்? டிசம்பர் 14 முதல் 20 வரை மின்சிக்கன வாரம். பேரணி, பதாகை, துண்டுப் பிரசுரம். நல்லதுதான். ஆனால் கரண்டு எகிறுவது சித்திரை வெயிலில், பேரணி மார்கழிப் பனியில்!

செலவில்லாத வழி

ஸ்மார்ட் மீட்டருக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு வீட்டின் கடைசி ரீடிங்கும் வாரியத்தின் கையில் இருக்கிறது. 30-வது நாள் ஒரு எஸ்.எம்.எஸ். போதும்: “உங்கள் கடைசி ரீடிங் 14,200. இன்று 14,450-ஐத் தாண்டியிருந்தால் உஷார்.” மீட்டரைப் பார்க்க ஜனங்களுக்குத் தெரியாது என்று சாக்குச் சொல்ல முடியாது. 2021 மே ஊரடங்கில், மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னதே வாரியம்தான்!

அதுவரை வாசகர்களே கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்குள் இருந்தால் 60 நாளில் 480. பழைய சீலிங் பேன் 75 வாட். இரண்டு பேன் தினம் 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 180 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. பேன் மாட்டினால் 72-தான். மிச்சம் 108 யூனிட்! ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு.

இதையெல்லாம் ஜனங்கள் செய்யத் தயார்தான். 500-ஐத் தாண்டுவதற்கு முன்னால் அவர்களுக்குத் தகவல் போகவேண்டும். அடுத்த கோடைக்குள் அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்புமா மின்வாரியம்?