அசல் பாட்டை அழிக்காதீர்கள்!



செல்போனில் பாட்டுக் கேட்கும்போது ஈக்வலைசரை மாற்றி 'பேஸ்' கூட்டுவது உங்களில் பலருக்குப் பிடிக்கும். தாராளமாகச் செய்யுங்கள். அது கலர்க் கண்ணாடி போட்டுப் பார்ப்பது போலத்தான். கண்ணாடியைக் கழற்றினால் எல்லாம் பழையபடி தெரியும்.

ஆனால் சிலர், ஆடியோ எடிட்டிங் மென்பொருளில் பாட்டைத் திறந்து, பேஸ், எக்கோ எல்லாம் ஏற்றி, அதே பெயரில் 'சேவ்' செய்துவிடுகிறார்கள். அசல் பாட்டு அதோடு போயிற்று! இதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஏன் தெரியுமா? சி.டி. தரப் பாட்டில் ஒரு விநாடி ஓசை, ஒவ்வொரு பக்க ஸ்பீக்கருக்கும் 44,100 எண்களாகப் பதிவாகிறது. எந்த எண்ணும் 32,767-ஐத் தாண்ட முடியாது. அளவுக்கு மீறி பேஸ் கூட்டினால், ஓசை அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் பாட்டு கரகரக்கும். பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பி வராது. எம்.பி.3 என்றால் இன்னொரு நஷ்டமும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, நம் காது கவனிக்காத ஓசைகளை அது விட்டுவிடும். மாற்றி மாற்றி சேவ் செய்தால், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. குடுமியான்மலைக் குகைக் கோயில் அருகே, பாறையில் பழமையான இசைக் கல்வெட்டு உள்ளது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதில், சுரங்கள் ஏழு பிரிவுகளாகக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அறிஞர்கள் இன்றும் அதைப் படித்து ஆராய்கிறார்கள். திருமயம் குகைக் கோயிலிலும் அதுபோல ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் வேறொரு கல்வெட்டை வெட்டுவதற்காக, அதன் பெரும்பகுதியைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது சில துண்டுகளே.

பாறையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு செதுக்க முடியாது. பாட்டைப் பிரதி எடுக்க நமக்கு ஒரு நிமிடம் போதும்!

ஈக்வலைசர் இல்லாத ஸ்பீக்கரில் பென்டிரைவைச் செருகிக் கேட்பவர்கள், பாட்டையே மாற்றத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் ஒரு பிரதி எடுத்து, அதில் மாற்றி, வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். பேஸைக் கூட்டுவதற்கு முன் மொத்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு போனால் வேறெங்காவது கிடைத்துவிடும். ஆனால் உங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு, வயலில் பதிவு செய்த நடவுப்பாட்டு, தங்கச்சியின் மழலை? அவை உலகத்தில் உங்களிடம் மட்டுமே இருக்கும். ஆகவே, 'அசல்' என்று ஒரு ஃபோல்டர் இன்றே போடுங்கள். பதிவு செய்ததை அப்படியே அதில் வையுங்கள். இன்னொரு பிரதியைப் பென்டிரைவிலும் வையுங்கள். அதன்பிறகு எத்தனை எக்கோ வேண்டுமானாலும் சேர்த்து விளையாடுங்கள், செல்லங்களே!