நீர் குறைந்த ஆண்டில் ஐந்து கண்மாய்களுக்கும் ஒரே பங்கீட்டுக் குழு அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
கண்மாய் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: வைகைப் பாசனம் – ஐந்து கண்மாய்த் தொடர் – வறட்சி ஆண்டில் நீர்ப் பங்கீடு – கூட்டுக் குழு அமைத்தல், கலுங்கு மட்டம் உறுதி செய்தல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் சங்கம் முன்பு அளித்த மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு உண்டு, பதில் இல்லை.

ஐயா,

தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000 இன்படி அமைந்த எங்கள் சங்கத்தில், தொடரின் கடைசிக் கண்மாயின் ஆயக்கட்டுதாரர்கள் உறுப்பினர்களாக உள்ளனர்.

முன்பு எழுதியதையே மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. பழைய விவரம் கோப்பில் இருக்கும் என்று நம்பி ஒருமுறை ஒரே பக்கத்தில் மனு கொடுத்தோம். விவரம் போதாது என்றார்கள். விவரமாகக் கொடுத்தபோது, இத்தனை பக்கத்தை யார் படிப்பது என்று வாங்கும் இடத்திலேயே கேட்டார்கள். ஆகவே இம்முறை நீளத்துக்கு வருத்தம் தெரிவிக்கவில்லை.

முதல் மனு 2017 இல் கொடுத்தது. 2016 வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுவதும் பொய்த்தது. சராசரியாக 440 மி.மீ. பெய்ய வேண்டியது, 168 மி.மீ. தான் பெய்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. எங்கள் மனு நிவாரணம் கேட்டு எழுதியதல்ல. பெய்த கொஞ்ச மழையில் மூன்றாம் கண்மாய் வரை தண்ணீர் வந்தது. அங்கே கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கப்பட்டதால் நான்காம் கண்மாய்க்கும் எங்களுக்கும் வரவில்லை. மூட்டையை எடுக்கச் சொல்லுங்கள் என்பதுதான் மனு. "மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்ற வரி மட்டும் பின்னால் வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்று விசாரித்ததில், அந்தக் கண்மாய் தங்களுடையதல்ல என்று ஓர் அலுவலகத்திலும், தண்ணீர் விவகாரம் தங்களுடையதல்ல என்று மற்றோர் அலுவலகத்திலும் சொன்னார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். எங்கள் தொடரில் முதலும் கடைசியும் துறையினுடையவை, இடையில் உள்ள மூன்றும் ஒன்றியத்தினுடையவை. ஒரே ஓடையில் ஒன்றின் கலுங்கு வழிந்து அடுத்ததற்கு வரத்தாகும் தண்ணீர், காகிதத்தில் மட்டும் இரண்டு இடத்தில் கைமாறுகிறது. கைமாறும் இடத்தில் தகராறு வந்தால் கேட்க ஆள் கிடையாது.

இரண்டாம் மனு குடிமராமத்து வேலை நடந்தபோது கொடுத்தது. 2017 இல் தொடங்கிய அத்திட்டத்தில் செலவில் 10 சதவீதம் பாசனதாரர் பங்கு என்பது விதியாக இருந்தது. உடலுழைப்பாகவும் பணமாகவும் எங்கள் பங்கைச் செலுத்தினோம். கரை பலப்பட்டது, மடை புதிதானது, மறுக்கவில்லை. ஆனால் மடையை எப்போது திறப்பது, எத்தனை நாள் திறப்பது, மேல் கண்மாய் எவ்வளவு தேக்கலாம் என்ற முடிவில் அந்தப் பத்து சதவீதத்துக்கு இடமில்லை. வேலையில் பங்கு உண்டு, முடிவில் கிடையாது என்றால் அதற்குப் பழைய பெயர் ஒன்று இருந்தது: 1858 ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம். இந்த வரியை அந்த மனுவிலும் எழுதியிருந்தோம். சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டோம். படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கோரிக்கை 1: நீர் குறைந்த ஆண்டில் ஐந்து கண்மாய்களுக்கும் ஒரே கூட்டுக் குழு

இந்த ஒன்றுக்காகத்தான் மனு.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் போக வேண்டாம். வைகை அணையின் பூர்வீகப் பாசனத் தண்ணீர் மூன்று பகுதிகளுக்கு 7:3:2 என்ற விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. பன்னிரண்டு பங்கில் இராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு. ஆற்றின் கடைசியில் இருக்கும் இராமநாதபுரத்துக்குத்தான் ஏழு என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். மேலே இருப்பவன் நிரப்பிக்கொண்டு மிச்சத்தை விடுவான் என்ற கணக்கில் இது வரவில்லை. அணையில் தண்ணீர் குறைந்தாலும் பங்கு பங்குதான், அளவுதான் சுருங்கும்.

அந்தப் பங்கீடு ஆண்டுதோறும் சண்டையில்லாமல் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. உரிய பங்கு வரவில்லை என்று கீழே உள்ளவர்கள் மறியல் செய்வதும் உண்டு. ஆனால் அவர்களுக்கு மறியலில் சொல்ல ஓர் எண் இருக்கிறது, அதிகாரிக்கும் பதில் சொல்ல ஓர் எண் இருக்கிறது. எங்களிடம் எண் இல்லை. மூன்றாம் கண்மாய்க்காரர்களிடம் "கொஞ்சம் விடுங்கள்" என்று கேட்கிறோம். "எங்களுக்கே இல்லை" என்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்று இரு தரப்புக்கும் தெரியாது. அவர்கள் கண்மாயில் அளவுக்கல் புதர் மூடிக் கிடக்கிறது.

மூன்று மாவட்டங்களுக்கு எண் போட்டுப் பிரிக்க முடிகிற அரசுக்கு ஐந்து கண்மாய்களுக்குப் பிரிப்பது ஏன் முடியாது என்று கடந்த மனுவிலும் கேட்டோம். இதிலும் கேட்கிறோம். பதில் வரும் வரை கேட்போம்.

மூன்றாம் கண்மாய்க்காரர்கள் எங்களுக்குப் பகையாளிகள் அல்லர். பெண் கொடுத்து, பெண் எடுத்த ஊர். மூட்டை அடுக்குவதற்கு அவர்களிடமும் ஒரு காரணம் இருக்கிறது: விட்ட தண்ணீர் திரும்பாது. கார்த்திகையில் நல்ல மனதோடு கீழே விட்டுவிட்டு, தையில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மடையில் சேறு மட்டும் இருந்தால் அவர்களுக்கு யார் பொறுப்பு? எழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் அவர்கள் செய்வதைத்தான் அவர்கள் இடத்தில் இருக்கும் யாரும் செய்வார்கள். அதனால்தான் வழக்குப் போடாமல் குழு கேட்கிறோம். வழக்கில் ஓர் ஊர் ஜெயித்தால், மறுவருடம் மூட்டை இராத்திரியில் ஏறும்.

குழு இப்படி அமைய வேண்டும். கோட்டாட்சியர் தலைவர். நீர்வளத் துறை உதவிப் பொறியாளரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இது நடந்தாலே பாதி வேலை முடிந்தது. வேளாண் அலுவலர் ஒருவர். ஐந்து ஆயக்கட்டிலிருந்தும் இரண்டிரண்டு பேர். அவர்களில் ஒருவராவது குத்தகைக்குப் பயிரிடுபவராக இருக்க வேண்டும், பட்டா வைத்திருப்பவர் எல்லாம் பயிர் வைத்திருப்பவர் அல்லர். ஆடு மாடு வளர்ப்போர் சார்பில் ஒருவர். இவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லாவிட்டாலும் கண்மாய் வற்றும்போது முதலில் அலைபவர்கள் இவர்கள்தான்.

கார்த்திகை கடைசியில் ஐந்து கண்மாய்களின் இருப்பும் ஒரே நாளில் அளக்கப்பட வேண்டும். மொத்தக் கொள்ளளவில் பாதிக்குக் குறைந்தால் அது நீர் குறைந்த ஆண்டு. அந்த வாரமே குழு கூட வேண்டும். முதலில் ஒவ்வொரு கண்மாயிலும் கால்நடைக்கும் ஊர்க் கிணறுகளின் ஊற்றுக்கும் பங்குனி வரை ஓர் இருப்பு ஒதுக்கப்பட வேண்டும். அதில் யாரும் கைவைக்கக் கூடாது. மிச்சத்தைப் பதிவான ஆயக்கட்டு அளவின் விகிதத்தில் பிரித்து, முறைத்தண்ணீர் நாள்களை எழுதி ஐந்து ஊர்ச் சாவடியிலும் ஒட்ட வேண்டும். இந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் நெல்லைக் காப்பாற்ற முடியும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். காப்பாற்ற முடியாத வயலில் விவசாயி உளுந்தோ குதிரைவாலியோ தூவிக்கொள்வான். தை வரை நம்ப வைத்துக் கருக விடுவது பாவம்.

கலுங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கண்மாய்க்கும் டேங்க் மெமாயர் என்று துறையில் சொல்லும் குறிப்பேட்டில் கலுங்கு மட்டம், மடையின் அடிமட்டம், ஆயக்கட்டு எல்லாம் பதிவாகியுள்ளன. எங்கள் பக்கக் கண்மாய்கள் ஆழம் குறைந்து அகலம் விரிந்தவை. கலுங்கில் ஒரு முழம் ஏற்றினால் உள்வாய் முழுவதும் ஒரு முழம் நிற்கும். கீழே வர வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஒரு முழத்தில் அடங்கிவிடும். மூட்டை எங்களுக்கு மட்டும் கேடு என்று எண்ண வேண்டாம். கரையின் உயரம் கலுங்கு மட்டத்தை வைத்துக் கணக்கிட்டது. வறட்சியில் அடுக்கிய மூட்டை அப்படியே கிடந்து அடுத்த ஐப்பசியில் பெருமழை வந்தால், உடைவது மூன்றாம் கண்மாயின் கரைதான். ஆகவே குறிப்பேட்டின்படி ஐந்து கலுங்கையும் மட்டம் பார்த்து, கல்லில் வெட்டி, வர்ணம் பூசித் தர வேண்டும். அதற்கு மேல் மூட்டையோ பலகையோ சிமெண்டோ ஏறினால் அகற்றும் பொறுப்பு எந்த அலுவலருடையது என்று பதவியைக் குறிப்பிட்டு ஆணையில் எழுத வேண்டும். "சம்பந்தப்பட்ட அலுவலர்" என்று எழுத வேண்டாம்.

மடை திறக்க, அடைக்கக் குழுவே ஆள் வைக்க வேண்டும். முன்பு மடைக்குடும்பன் இருந்தார். களத்தில் நெல் வாங்கிக்கொண்டு இரவும் பகலும் தண்ணீர் பார்த்தார். அந்த முறையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வேலை பரம்பரையாக ஒரே சாதியின் தலையில் ஏற்றப்பட்டிருந்தது, போனது நல்லது. போன பிறகு அந்த இடத்தில் யாரையும் வைக்காததுதான் குறை. இன்று மடைத்திருகு யார் வீட்டில் இருக்கிறதோ அவர் வைத்ததே முறை. ஐந்து கண்மாய்க்கும் இரண்டு பேர், மாதச் சம்பளம், திருகு குழுவின் பொறுப்பில். உள்வாயில் டீசல் என்ஜின் வைத்து இறைப்பதையும் இவர்களே பார்த்து எழுதி வைக்க வேண்டும். எங்கள் உறுப்பினர்கள் வைத்தாலும் எழுத வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் பாசனதாரர் சங்கத்துக்கு நீர்ப் பங்கீட்டில் இடம் தருகிறது. இரண்டு நிர்வாகத்துக்கும் மேலே தாங்கள் இருக்கிறீர்கள். தேவைப்படுவது ஓர் ஆணை.

கோரிக்கை 2: கண்மாய் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி போதும் என 2024 இல் எளிமையாக்கப்பட்டதை எங்கள் தொடரிலும் தாமதமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும்.

கோரிக்கை 3: வரத்துக்காலில் உள்ள சீமைக் கருவேல மரங்களை வேரோடு அகற்ற வேண்டும்.

கோரிக்கை 4: கண்மாய்களை அளந்து எல்லைக்கல் நட்டு, உரிய சட்டத்தின்படி ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும்.

கோரிக்கை 5: மீன்பாசிக் குத்தகைத் தொகையில் ஒரு பகுதியை மடைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். குத்தகைதாரர் மீன் பிடிக்கத் தண்ணீரை வடிப்பதைத் தடை செய்ய வேண்டும்.

கோரிக்கை 6: சங்கத்தின் பதிவேடுகளை வைக்க ஓர் அறை ஒதுக்கித் தர வேண்டும்.

இரண்டு முதல் ஆறு வரை உள்ளவை தாமதமானால் பொறுத்துக்கொள்வோம். முதல் கோரிக்கைக்கான ஆணை ஆடிக்குள் வர வேண்டும். புரட்டாசியில் புழுதி விதைப்பு தொடங்கிவிடும். விதைத்த பிறகு பங்கு பேச யாரும் உட்கார மாட்டார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்கப் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி)

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகளுடன், மூன்றாம் கண்மாய்க் கலுங்கின் புகைப்படங்கள், பொதுக்குழுத் தீர்மான நகல்.

நகல்: நீர்வளத் துறை உதவிப் பொறியாளர், வட்டார வளர்ச்சி அலுவலர். (ஒருவர் மற்றவருக்கு அனுப்பிவைக்கும் சிரமம் வேண்டாம் என்பதால் இருவருக்கும் ஒரே நாளில் நேரில் தரப்படுகிறது.)